கடையை மாற்றுவதா, காயை மாற்றுவதா?

மருந்து அடிக்காத காய் வேண்டும் என்று முடிவெடுத்ததும் நாம் முதலில் மாற்றுவது கடையை. ஆர்கானிக் கடைக்குப் போய், கூடுதல் விலை கொடுத்து அதே வெண்டைக்காயை வாங்குவோம். என் கட்சி வேறு: கடையை அப்புறம் பார்க்கலாம், முதலில் காயை மாற்றுங்கள்.

வெண்டையையும் சேனையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றி நாராகிவிடும். மருந்து அடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கலாம் என்று கணக்கு உண்டு. நாளை மறுநாள் பறிக்க வேண்டிய காயில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? உழவர் சந்தையில் ஒருவரிடம் கேட்டேன். “அடிக்காம வெண்டை வருமா தம்பி?” என்றார், ஒளிக்காமல். சேனையோ மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிடக்கிறது. சமைக்கும்போது தடித்த தோலையும் சீவி எறிந்துவிடுகிறோம்.

கத்தரியில் இன்னொரு சிக்கல். ‘சொத்தைக் காய் என்றால் மருந்து படாத காய்’ என்று நம்பி ஓட்டைக் காயாகப் பொறுக்குவோர் உண்டு. முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்திலேயே காய்க்குள் துளைத்துப் போய்விடும். நுழைந்த துளையும் அடைபட்டுவிடும். நம் கண்ணில் படும் பெரிய ஓட்டை, அது தின்று முடித்து வெளியேறிய வழி. நடுவில் எத்தனை தடவை மேலே அடித்தாலும் உள்ளே இருக்கும் புழுவுக்கு உறைக்காது. ஆகவே ஓட்டை எதற்கும் சான்று இல்லை. காலிஃபிளவர், திராட்சை இரண்டையும் நான் வெண்டை, கத்தரியோடு தவிர்க்கிற பட்டியலில்தான் வைப்பேன். பூசணி, சக்கரவள்ளி, வெங்காயம், பலா எல்லாம் சேனையோடு வாங்குகிற பட்டியலில்.

வாழைப்பூவையும் அங்கே சேர்க்க ஆசைதான். ஆனால் சில தோப்புகளில் இலைப்பேன் வராமலிருக்க, பூ விரியும் முன்பே அதற்குள் ஊசியால் மருந்து ஏற்றுவார்கள். மடல் உரிப்பதை மட்டும் நம்ப முடியாது.

சரி, காயை மாற்ற மனமில்லை, கத்தரிக்காய் இல்லாமல் சாம்பார் இறங்காது என்றால்தான் கடைப் பேச்சு. 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இயற்கை விவசாயத்துக்கான சந்தை அல்ல. விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், கேள்வி கேட்கலாம், லாபம் அவ்வளவுதான். ஆர்கானிக் கடையில் கேட்க ஆள் இருக்காது, முத்திரைதான் பேச வேண்டும். இயற்கை விளைபொருளுக்கான அரசின் ஜைவிக் பாரத் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்த்துத் தரும் பிஜிஎஸ் முத்திரையில் ‘கிரீன்’ என்றிருந்தால் நிலம் இயற்கை முறைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கூடையில் தொங்கும் ‘இயற்கை’ அட்டைக்கு நான் ஒரு ரூபாய்கூட அதிகம் தரமாட்டேன்.

கழுவினால் போகாதா? ஓரளவு போகும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2017இல் ஆப்பிளைச் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். தோலின் மேலிருந்த இரண்டு மருந்துகளை அகற்ற 12 முதல் 15 நிமிடம் பிடித்தது. ஆனால் அதில் ஒரு மருந்து, ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தது. அதைச் சோடா தொடவில்லை. குழாயடியில் ஒரு முறை காட்டி எடுக்கிற நம் வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மாடியில் தொட்டி வைக்க இடமிருந்தால் எல்லோரும் தக்காளியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நான் கறிவேப்பிலைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தோல் சீவ வழியில்லாத இலை. மருந்தெச்சம் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலைக்குக் கூடுதல் சோதனை வைத்த வரலாறும் உண்டு. தாளிக்க நமக்குத் தேவை தினம் ஒரு கொத்து. அதை ஒரே தொட்டி தந்துவிடும்.