டிஎன்சி ஃபர்ம்வேர் மாத்துறது: ஈப்ராமா, யூஎஸ்பியா, டைர்வுல்ஃபா?

ரேடியோ வழியா டேட்டாவ துண்டு துண்டா அனுப்புறது தான் பாக்கெட் ரேடியோ, ரேடியோவுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல உக்காந்து அத சத்தமா மாத்துற டப்பா டிஎன்சி, அதுக்குள்ள ஓடுற புரோகிராம் ஃபர்ம்வேர். டிஎன்சி வாங்கப் போறவங்க விலை கேப்பாங்க, ப்ளூடூத் இருக்கான்னு கேப்பாங்க, ஃபர்ம்வேர் எப்படி மாத்துறதுன்னு மட்டும் கேக்கவே மாட்டாங்க. நான் முதல்ல அதத்தான் பாப்பேன், அதுவும் அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா டப்பா மறுபடி எந்திரிக்குமான்னு.

பழைய டிஎன்சி-2 வகைய எடுத்துக்குவோம். 1985ல அமெரிக்காவுல டூசான் ஊர் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) ஆளுங்களோட சங்கம், அதாவது டிஏபிஆர், போட்ட டிசைன். எம்எஃப்ஜே-1270, பாக்காம் டைனி-2 எல்லாம் அந்த வழி வந்தது தான். உள்ள இசட்80 ப்ராசசர், 27சி256 ஈப்ராம் (யூவி வெளிச்சத்துல அழிச்சு திரும்ப எழுதுற சிப்), மொத்த ஃபர்ம்வேரும் 32 கிலோபைட்டுக்குள்ள. அப்டேட்னா சிப்ப கழட்டி வேற சிப் சொருகுறது, அவ்ளோ தான். நெட்ராம் இல்லன்னா தநெட்னு வேற ஃபர்ம்வேர் எழுதின சிப் போட்டா அதே டப்பா மத்தவங்க பாக்கெட்ட கடத்தி விடுற நெட்வொர்க் நோடா மாறிடும். கஷ்டம் எங்கன்னா சிப்ப அழிக்கிறதுல, கண்ணாடி ஜன்னல் மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர உரிச்சு யூவி விளக்கு அடில கால் மணி நேரம், இருபது நிமிஷம் வைக்கணும். யூவி விளக்கு இல்லாதவங்க டபிள்யூ27சி512 வாங்கிக்கோங்க, அது கரண்ட்லயே அழியும். ஆனா அது 64 கிலோபைட், சாக்கெட்ல எந்தப் பாதி படிக்கப்படும்னு குழப்பம் வரும், அதனால ஒரே இமேஜ ரெண்டு பாதிலயும் எழுதிடுங்க, தீந்துது பிரச்சனை.

நான் முதல் தடவ மாத்துனப்போ 28 கால்ல ஒரு கால் உள்பக்கமா மடங்கி சிப்புக்கு அடியில போயிடுச்சு, வெளிய பாத்தா எல்லாம் ஒழுங்கா உக்காந்த மாதிரியே இருந்துச்சு, ஒரு ராத்திரி பூரா சீரியல் கேபிள திட்டிட்டு இருந்தேன். அத நிமித்தி போட்ட பிறகும் என்னென்னவோ உளறுச்சு. காரணம் பேட்டரி பேக்கப் ராம், பழைய ஃபர்ம்வேரோட செட்டிங் எல்லாம் அதுல அப்படியே கிடக்கு, புதுசு அத தன்னோடதுன்னு நினைச்சு படிக்குது. பேட்டரி ஜம்பர கொஞ்ச நேரம் எடுத்துட்டு மறுபடி போட்டா சரியாயிடும், ஆனா நம்ம கால்சைன் இருக்க வேண்டிய மைகால் செட்டிங்ல நோகால்னு வந்து நிக்கும், எல்லா பாராமீட்டரும் திரும்ப அடிக்கணும். காண்ட்ரானிக்ஸ் கம்பெனியோட கேபிசி-3 ப்ளஸ் டிஎன்சிலயும் இதே சிப் கதை தான், ஹார்ட் ரீசெட் பண்ணினா ஸ்கிரீன்ல கொஞ்ச நேரம் குப்பை எழுத்தா ஓடும், நம்ம பாட் ரேட்டுல (சீரியல் வேகத்துல) வரும்போது தான் "ஸ்டார் அழுத்து"ன்னு படிக்கிற மாதிரி ஒரு வரி வரும். தெரியாதவங்க டப்பா செத்துப்போச்சுன்னு நினைச்சுடுவாங்க.

இவ்ளோ தொல்லை இருந்தும் நான் ஈப்ராம விடல. பழைய சிப் டிராயர்ல இருக்கு, புதுசு சரியில்லன்னா ரெண்டு நிமிஷத்துல பழையபடி ஆக்கிடலாம்.

நினோ டிஎன்சி இந்த விஷயத்துல நல்ல நடுவழி. யூஎஸ்பி கேபிள் சொருகி ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் ஓட்டினா ஹெக்ஸ் ஃபைல் (ஃபர்ம்வேர் ஃபைல்) ஏறிடும், அதே சமயம் அதோட ப்ராசசரான டிஎஸ்பிக் சிப் சாக்கெட்ல தான் இருக்கு, எக்குத்தப்பா ஏதாவது ஆச்சுன்னா வேற சிப் போட்டுக்கலாம். போர்டுல எந்த சிப்னு பாத்து அதுக்கான ஹெக்ஸ எடுங்க, அவசரத்துல மாத்தி போடாதீங்க.

மொபிலிங்க்ட் டிஎன்சி3 மாதிரி எஸ்டிஎம்32 ப்ராசசர் வச்ச டப்பால சிப் போர்டோட சால்டர் பண்ணியிருக்கு, கழட்ட வழியில்ல. ஆனா எஸ்டிஎம்32 சிப்ல கம்பெனியே ரோம்ல ஒரு பூட்லோடர் (ஃபர்ம்வேர் ஏத்துற குட்டி புரோகிராம்) வச்சுத்தான் அனுப்புது, அத நாம அழிக்க முடியாது, அத ஓட வைக்கிற பூட் பின்னுக்கு கை எட்டுச்சுன்னா மீட்டுடலாம். மலை ஏறும்போது பையில போட்டுட்டுப் போக இது தான் வசதி.

டைர்வுல்ஃப்ல ஃபர்ம்வேர்னே ஒண்ணு கிடையாது, சவுண்ட் கார்டையே டிஎன்சியா ஆக்குற, ராஸ்பெரி பை மாதிரி குட்டி கம்ப்யூட்டர்ல ஓடுற சாஃப்ட்வேர். கிட் புல், சீமேக், மேக், இன்ஸ்டால்னு நாலு கமாண்ட், முடிஞ்சது. புது விஷயம் எல்லாம் சீக்கிரம் வருது, 1.6 வெர்ஷன்ல எஃப்எக்ஸ்.25, 1.7ல ஐஎல்2பி, ரெண்டும் வழில கெட்டுப்போன பாக்கெட்ட சரி பண்ணிக்கிற முறை. ஆனா டைர்வுல்ஃப தொடாமலே அது உடையும், அதான் எரிச்சல். ஓஎஸ் அப்டேட் ஒண்ணு போட்டீங்கன்னா சவுண்ட் கார்டு நம்பர் மாறி நிக்கும், இல்லன்னா ஆல்சாமிக்சர்ல (சவுண்ட் செட்டிங்ல) ஆட்டோ கெயின் தானா ஆன் ஆகியிருக்கும், டீகோட் பாதியா குறையும், நீங்க ஆன்டெனாவ சந்தேகப்பட்டு மாடி ஏறுவீங்க.

வீட்டுக்கு டைர்வுல்ஃப், அடிக்கடி ஆள் போக முடியாத மலை டிஜிபீட்டருக்கு (பாக்கெட்ட வாங்கி திரும்ப அனுப்புற நிலையத்துக்கு) நினோ இல்லன்னா பழைய டிஎன்சி-2, என் கணக்கு இது தான். எஃப்எக்ஸ்.25 ஆன் பண்ணினா பழைய டப்பாக்களுக்கும் பாக்கெட் ரேடியோவோட வழக்கமான ஏஎக்ஸ்.25 ஃப்ரேமா கேக்கும், ஐஎல்2பி அப்படி இல்ல, ரெண்டு பக்கமும் இருக்கணும், ஈப்ராம் டப்பாவுக்கு அது வெறும் இரைச்சல். அதனால ஐஎல்2பிக்கு மாறுறதுக்கு முன்னாடி பக்கத்து நோட் ஓட்டுறவருக்கு ஒரு ஃபோன் போட்டு அங்க என்ன டப்பா இருக்குன்னு கேட்டுக்கோங்க.