36+36-ஆ, 48+12-ஆ? பேட்டரி அட்டையில் கேரண்டியும் வாரண்டியும்

பெங்களூரில் கோடை மழை இறங்கினால் மரக்கிளை முறிவதும் கரண்ட் போவதும் சேர்ந்தே நடக்கும். அல்சூரில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்குப் பேட்டரி தேடியபோது கடைசியில் இரண்டு மிஞ்சின. இரண்டும் 150 ஏஎச் (மின்சாரம் சேமிக்கும் கொள்ளளவு) ட்யூபுலர் வகை, விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றின் வாரண்டி அட்டையில் 36+36 மாதம், மற்றதில் 48+12. "ஆறு வருஷம் சார், கண்ணை மூடிட்டு எடுங்க" என்று கடைக்காரர் முதலாவதைத்தான் நகர்த்தினார். நான் 48+12-ஐ எடுத்தேன்.

பேக்அப், எடை, பிராண்ட் பற்றியெல்லாம் பேசப் போவதில்லை.  நான் பார்த்தது நடுவில் இருக்கும் அந்தக் கூட்டல் குறியின் இரண்டு பக்கமும்தான்.

முன்னால் இருப்பதைக் கடையில் கேரண்டி என்பார்கள்: தயாரிப்புக் கோளாறால் செத்தால் காசில்லாமல் வேறு பேட்டரி. பின்னால் இருப்பது வாரண்டி, அதாவது ப்ரோ-ரேட்டா: பயன்படுத்திய காலத்துக்கு ஏற்பக் குறையும் தள்ளுபடி. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு வாரண்டி என்றால் இலவச ரிப்பேர். அதே நினைப்பில் இங்கே வந்தால் ஏமாற்றம்தான். புது பேட்டரி வாங்கத் தள்ளுபடி தருவார்கள், அவ்வளவுதான். (சட்டம் இந்தக் கடைப் பேச்சோடு ஒத்துப்போகாது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் கேரண்டி என்பது ஒருவர் கடனுக்கு இன்னொருவர் நிற்கும் ஜாமீன். அதனால் கடைக்காரர் வாயால் சொன்ன சொல்லைவிட அட்டையில் அச்சான வரிதான் கைகொடுக்கும்.)

அந்தத் தள்ளுபடி எதிலிருந்து கழிகிறது என்பதில்தான் சூட்சுமம். பெரும்பாலும் அன்றைய எம்ஆர்பியில். எம்ஆர்பிக்கு பேட்டரி வாங்குகிறவர் யார்? உதாரணமாக எம்ஆர்பி 20,000, கடை விலை 15,500 என்று வைப்போம். ப்ரோ-ரேட்டா 30 சதவீதம் என்றால் 14,000 கட்ட வேண்டும். 1,500 மிச்சம் போலத் தெரியும். ஆனால் க்ளைமில் பழைய பேட்டரியைக் கம்பெனிக்கே கொடுத்துவிட வேண்டும். அதையே எக்ஸ்சேஞ்சில் போட்டால், உள்ளே இருக்கும் ஈயத்துக்காகக் கடைக்காரர் 3,000 கழித்தால்கூட புது பேட்டரி 12,500-க்கு வந்துவிடும். வாரண்டியைப் பயன்படுத்தியவருக்கு 1,500 நஷ்டம்! 40 சதவீதம் கொடுத்தால் கணக்கு மாறும், அதுவும் 500 ரூபாய்தான் லாபம். மாதம் ஏற ஏற இந்தச் சதவீதம் இறங்கிக்கொண்டே போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, 36+36-இல் எனக்கு உண்மையில் கிடைப்பது 36.

இன்னொன்று: கேரண்டியில் மாற்றிக் கொடுத்த பேட்டரிக்குக் காலம் புதிதாக ஆரம்பிக்காது, முதல் பில் தேதியிலிருந்தே ஓடும். அதற்கும் முன் எண் பெரிதாக இருப்பதே நல்லது.

36+36 கணிசமாக மலிவாகக் கிடைத்தால் நானும் யோசித்திருப்பேன். வாடகை வீட்டில் இரண்டு வருஷம் மட்டும் இருக்கப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசமே பொருட்டல்ல. என் பேட்டரி இன்னும் க்ளைம் வரை போகவில்லை, ஆகவே சர்வீஸ் சென்டரில் எவ்வளவு இழுத்தடிப்பார்கள் என்று அனுபவமாகச் சொல்ல முடியாது. வாங்கிய அன்றே சீரியல் நம்பர் பில்லில் இருக்கிறதா என்று பார்த்து, அட்டையில் கடை முத்திரையும் வாங்கிக்கொண்டேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் தேதியை அட்டையின் பின்பக்கமே எழுதி வருகிறேன்.