ஓடவிட்டுப் பிடிக்கிறதா, ஆர்.ஓ. பூட்டுறதா?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பைப் தண்ணி எடுத்தவர்களுக்குக் காரீயப் பயம் இருந்தால் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணி நன்றாக இருந்தாலும், வீட்டுப் பித்தளைப் பைப்பிலும் குழாய் ஒட்டிய ஈயப்பற்றிலும் இரவு முழுக்கத் தேங்கும்போது காரீயம் கரையலாம். மீட்டருக்கு இந்தப் பக்கம் நீர் வழங்கல் சபையின் கை எட்டாது. அதனால் இரண்டு வழி: காலையில் தேங்கிய தண்ணியை ஓடவிட்டுப் பிறகு குடிக்கப் பிடிக்கலாம், அல்லது ஆர்.ஓ. (சவ்வு வழியாகத் தண்ணியை வடிக்கிற மெசின்) பூட்டலாம்.

செலவு:
ஓடவிட்டால் காலையில் ஒரு வாளித் தண்ணி. அதை வாழைக்கு ஊற்றலாம்.
ஆர்.ஓ. என்றால் மெசின், கரண்ட், வடிகட்டி மாற்றம், கழிவுத் தண்ணி.

பலன்:
ஓடவிட்டால் தேங்கியது மட்டும் போகும்.
ஆர்.ஓ. காரீயத்தோடு புளோரைட்டையும் கல்சியத்தையும் பிடிக்கும். வன்னிக் கிணறுகளுக்கு இது பெரிய விஷயம். ஆனால் உப்புக் குறைந்த அந்தத் தண்ணி உலோகத்தை அரிக்கும். அதற்குப் பித்தளைப் பைப் பூட்டவே வேண்டாம்.

கொதிக்கவைத்தால் காரீயம் போகாது, தண்ணி வற்ற இன்னும் செறியும். பால்மா கரைக்கிற தாய்மார் கவனியுங்கள்.

பைப் தண்ணி மட்டும் என்றால் ஓடவிடுங்கள், பழைய பித்தளையை மாற்றுங்கள். கிணற்றுத் தண்ணியில் புளோரைட்டு கூட என்றால், அல்லது பரிசோதனையில் காரீயம் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டினால், ஆர்.ஓ.தான்.