வன்னிக்குப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் கவனம்: சாப்பாட்டுக் கடையில் எங்கள் 42,000 ரூபாய் போனது இப்படித்தான்

லீவுக்கு வெளிநாட்டிலிருந்து வன்னிக்கு வந்திருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். ஏ9 வீதியோரத்தில் ‘குடும்ப உணவகம்’ என்று பலகை போட்ட ஒரு கடையில் போன சனிக்கிழமை 42,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு, பசியோடு அழுகிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். காசு போனது ஒருபக்கம். ஐந்து வயதுப் பிள்ளையின் உயிரோடு விளையாடினார்களே, அதுதான் இன்னும் வயிற்றைப் பற்றி எரிக்கிறது.

பெரியவர்கள் 9, பிள்ளைகள் 5, மொத்தம் 14 பேர். தலைக்கு 3,000 ரூபாய். ஏசி அறை, குழந்தைக் கதிரை இரண்டு, பிள்ளைகளுக்கு உறைப்பில்லாத சாப்பாடு, எல்லாம் பன்னிரண்டரைக்கு மேசையில் இருக்கும் என்பது பேச்சு. பிள்ளைகளில் ஒருவருக்குக் கஜுவும் கச்சானும் ஒவ்வாது. அதைப் போனில் இரண்டு தரம் சொல்லி, வட்ஸ்அப்பில் தமிழில் எழுதியும் அனுப்பினோம். “அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பிள்ளையின்ர சாப்பாட்டை நானே பக்கத்தில நிண்டு செய்விக்கிறன்” என்றார் போன் எடுத்த தம்பி. அந்த ஒரு சொல்லில்தான் விழுந்தோம். “ஏசி அறையெண்டால் முழுக்காசும் முதலே போடோணும்” என்றார். போட்டோம். வங்கிக் கணக்கு கடையின் பெயரில் இல்லை, தனி ஆளின் பெயரில் இருந்தது. அதைக் கண்டும் போட்டோம்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்த இடத்தில் ஏன் லேசாக ஏமாறுகிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் சாப்பாட்டில் இருக்கின்றனவா என்பதை உணவகங்கள் சொல்லியே ஆக வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து அது சட்டம். பரிமாறுகிறவருக்குத் தெரியாவிட்டால் குசினிக்குள் போய்க் கேட்டு வந்து சொல்லுவார். அந்தப் பழக்கத்தில் இருந்துவிட்டு இங்கே வந்து ‘கஜு போடமாட்டம்’ என்று கேட்டதும், குசினியில் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கடையில் போனில் பதில் சொன்னவர் ஒருவர், சமைத்தவர் இன்னொருவர். பிள்ளைக்கு ஒவ்வாத விசயம் சமைத்தவரின் காதுக்குப் போகவே இல்லை.

போய் இறங்கினால் ஏசி அறையில் வேறு ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு ஜெனரேட்டர் பக்கத்து மேசை, அந்த வெக்கைக்குள். குழந்தைக் கதிரை ஒன்றுதான், அதுவும் வார் அறுந்தது. சாப்பாடு வந்தபோது நேரம் ஒன்று ஐம்பது. பிள்ளைகளின் பிரைட் ரைஸின் மேல் பொரித்த கஜு தூவியிருந்தது.

கோப்பையைத் திருப்பி அனுப்பினோம். நாலு நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தது. மேலே கஜு இல்லை. ஆனால் ஓரத்தில் அதே தக்காளித் துண்டு, அதே பக்கம் கடிபட்டதுபோல நசிந்த விளிம்போடு. கரண்டியால் அடியைக் கிளறினால், பாதிக் கஜு ஒன்று முட்டைத் துண்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பொறுக்கி எடுத்துவிட்டு அப்படியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்!

பொறுக்கினால் போகாது என்பதைத் தயவுசெய்து எல்லோரும் விளங்கிக்கொள்ளுங்கள். கஜுவின் புரதம் சோற்றிலும் எண்ணெயிலும் ஊறிவிடும். கண்ணுக்குத் தெரியாத துகளே சில பிள்ளைகளுக்குப் போதும், நிமிடக் கணக்கில் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். கழுவிய தாச்சியில், புது எண்ணெயில், வேறு கரண்டியால் முதலிலிருந்து செய்ய வேண்டும். அப்படிச் செய்யப் பத்துப் பதினைந்து நிமிடமாவது போகும். அதற்கு முன் கோப்பை திரும்பி வந்தால் அது புதிதாகச் செய்தது இல்லை.

ஒருவரும் சாப்பிடாமல் எழும்பினோம். காசைக் கேட்டால், “முதலாளி கொழும்புக்குப் போட்டார்.” ஞாயிற்றுக்கிழமை கேட்டால், “கணக்கு எழுதிறவர் வரேல்லை.” திங்கள் கேட்டால், “சமைச்ச சாப்பாட்டுக்கு எப்பிடி அக்கா காசு தாறது?” பில் கேட்டோம், தரவில்லை. கடைசியாக ஒருவர், “வெளிநாட்டில இருக்கிற உங்களுக்கு 42,000 ஒரு காசோ?” என்றார். பனிக்குள் இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. நேற்றிலிருந்து எங்கள் நம்பரை அடைத்துவிட்டார்கள். இன்னும் சில நாளில் விமானம் ஏறிவிடுவோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆறுதலாக எழுத மனம் இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான். முழுக்காசையும் முன்னுக்குப் போடாதீர்கள், தனியாளின் கணக்குக்குப் போடவே போடாதீர்கள். எவ்வளவு கொடுத்தாலும் கடையின் முத்திரையோடு ரசீது வாங்குங்கள். கேட்டால் பில் கொடுக்க வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்திலேயே இருக்கிறது. முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் 1977 நம்பருக்கு அடியுங்கள். குசினி அழுக்கு, பழைய சாப்பாடு என்றால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள்.

ஒவ்வாமையைச் சமைக்கிறவரிடமே நேரில் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பிரைட் ரைஸே வேண்டாம். காலையில் வடித்து வெளியே வைத்த சோற்றில் கிருமி விடும் நஞ்சு, திரும்ப வறுத்தாலும் அழியாது. இந்த வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே கிடந்தாலே அந்தச் சோறு கூடாது. ஆவி பறக்கிற இடியப்பம், பச்சைமிளகாய் போடாத சொதி, கோதோடு அவித்த முட்டை கேளுங்கள். மூடி உடையாத போத்தல் தண்ணீர் மட்டும். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிற ஜீவனித் தூள் இரண்டு பக்கற் பைக்குள் இருக்கட்டும், ஒரு பக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் கரைக்க வேண்டும், பாதி பாதியாகப் பிரித்துக் கரைக்கக் கூடாது. மூச்சு இழுத்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

42,000 ரூபாய் இன்னும் வரவில்லை. வங்கிச் சிட்டையையும் வட்ஸ்அப் படங்களையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலை முறைப்பாடு கொடுக்கப் போகிறோம். இதே மாதிரி அகப்பட்டவர்கள் இருந்தால் உங்கள் சிட்டைகளையும் எறியாமல் வைத்திருங்கள்.