தோற்றுப்போன கோரிக்கையின் ஹெடர்: ரெட்ரோஃபிட்டுடன் சில ஆண்டுகள்

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துப் பால் சேகரிப்பு மையங்களுக்கான ஆண்ட்ராய்டு செயலியைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். செயலி சர்வருடன் பேசுவது ரெட்ரோஃபிட் என்ற நிரல் நூலகம் வழியாக, அதற்கு அடியில் கோரிக்கைகளை உண்மையில் அனுப்பிவைக்கும் ஓகே-எச்டிடிபி. எல்லாம் ஒழுங்காகப் போகும் நாளில் இவற்றைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. கோரிக்கை தோற்கும்போதுதான் அருமை தெரிகிறது.

காலை ஆறரைக்கு எல்லா மையங்களும் லிட்டர் கணக்கையும் கொழுப்பு அளவையும் ஒரே நேரத்தில் அனுப்பும். சர்வர் தாங்காமல் 429 (கோரிக்கைகள் மிக அதிகம்) என்று திருப்பிவிடும். "தம்பி, போக மாட்டேன் என்கிறது, அழுத்திக்கொண்டே இருக்கிறேன்" என்று மையத்துக்காரர் போன் செய்வார். அழுத்த அழுத்த நெரிசல்தான் கூடும். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்பதை அந்தப் பதிலிலேயே ரிட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடரில், அதாவது பதிலின் தலைப்பில் வரும் குறிப்பு வரியில், எங்கள் சர்வர் எழுதி அனுப்புகிறது.

சஸ்பெண்ட் ஃபங்ஷன் (பதில் வரும்வரை செயலியை உறையவிடாமல் காத்திருக்கும் கோட்லின் ஃபங்ஷன்) தரவை நேராகத் தருவதாக எழுதியிருந்தால், 400, 500 வரிசைப் பிழைப் பதில்கள் எச்டிடிபி-எக்ஸெப்ஷன் என்ற நிரல் பிழையாக வந்து விழும். அதற்குள் ரெஸ்பான்ஸ், அதற்குள் ஹெடர்கள். பிழைப் பதிலின் உள்ளடக்கமான எரர்-பாடியை ஒருமுறைதான் படிக்க முடியும். ஹெடருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஹெடரின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் தேடித் தருவதும் நிம்மதி. எச்டிடிபி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பான எச்டிடிபி/2-இல் பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தாகத்தானே வருகிறது.

ரிட்ரை-ஆஃப்டர் விநாடிக் கணக்காகவும் வரலாம், ஜிஎம்டி தேதியாகவும் வரலாம். தேதியாக வந்தால் போனின் கடிகாரத்தை நம்பக் கூடாது. மையங்களில் இருக்கும் பழைய போன்கள் சில பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகின்றன. அதே பதிலில் சர்வரின் நேரத்தைச் சொல்லும் டேட் ஹெடரை அதிலிருந்து கழித்தால் சரியான இடைவெளி கிடைத்துவிடும். காத்திருந்து மீண்டும் அனுப்பும் வேலையும் நம்முடையதே. ஓகே-எச்டிடிபி 429-ஐக் கண்டுகொள்வதில்லை. 503 (சேவை தற்போது இல்லை) என்ற பதிலுடன் ரிட்ரை-ஆஃப்டர் சுழியம் என்று வந்தால் தானாக ஒருமுறை முயலும்.

பீஞ்சமந்தை மலைப்பக்கம் கதையே வேறு. சிக்னல் அறுந்தால் ஐஓ-எக்ஸெப்ஷன் என்ற இணைப்புப் பிழைதான். பதிலே வராதபோது ஹெடர் ஏது? அங்கே "சிக்னல் இல்லை, சேமித்து வைத்திருக்கிறோம்" என்றும், 429-க்கு "40 விநாடியில் தானாகப் போகும்" என்றும் தனித்தனியாகக் காட்டுகிறோம். இரண்டாவதில் பொத்தான் மங்கிவிடும். அழுத்துவதற்கு ஒன்றும் இல்லாததால் காலை நேர போன்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஃபங்ஷன் ரெஸ்பான்ஸையே திருப்பும்படி எழுதிவிடுங்கள். 429-க்கெல்லாம் எக்ஸெப்ஷன் பிடிக்க வேண்டியிருக்காது. எங்கள் பழைய நிரலை அப்படி மாற்ற எனக்கு இன்னும் கை வரவில்லை.