ஜாக்கிக்கு அடுத்து எது: பழைய லாஷனலா, வீட்ஸ்டனா, ஆல்பியனா?

கைகளுக்கு நடுவே துருத்தியை விரித்துச் சுருக்கி, பொத்தான் அழுத்தி வாசிக்கிற கருவி கான்சர்ட்டினா. அதன் இங்கிலீஷ் வகையை இன்று கற்கத் தொடங்குகிற பலர் கையில் முதலில் வருவது ஜாக்கி. 30 பொத்தான்கள், ஏறக்குறைய இரண்டரை ஸ்தாயி. கான்சர்ட்டினா கனெக்‌ஷன் என்ற அமெரிக்க நிறுவனம் புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே வடிவமைத்த கருவி. சுருதி ஒழுங்காக இருக்கும், விலை சில நூறு டாலரோடு நிற்கும். கை வேகம் பிடிக்கும்வரை அதில் ஒரு குறையும் தெரியாது. அப்புறம்தான் தெரிய ஆரம்பிக்கும். உடம்பு பெரிது, துருத்தி விறைப்பு, வேகமான நடனப் பாட்டில் சுரம் விரலுக்குப் பின்னால் வந்து சேர்கிறது, மெதுவாக வாசிக்க நினைத்தால் சில சுரங்கள் வாயே திறப்பதில்லை. அந்தக் கட்டத்தில் பழைய கருவி விளம்பரங்களைப் புரட்டாதவர் யாரும் இல்லை.

புரட்டினால் மூன்று வகை எதிரே நிற்கும். விக்டோரியா காலத்தில் தொடங்கிய லண்டன் பட்டறையின் லாஷனல், அதைவிடப் பெயர்பெற்ற லண்டன் கருவியான வீட்ஸ்டன், அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் செய்யப்பட்ட ஆல்பியன். மூன்றிலும் நல்லவை ஜாக்கியைவிட மேல்தான். எது உங்களுக்கு என்பதை முடிவு செய்வது பெயர்ப்பலகை அல்ல என்பது என் கருத்து. கான்சர்ட்டினா பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

கருவி பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹார்மோனியம், சுருதிப்பெட்டி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். காற்று போனால் ரீடு என்கிற உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும். இதை உருவாக்கிய சார்ல்ஸ் வீட்ஸ்டனை இயற்பியல் பாடத்தில் சமனச் சுற்றோடு எல்லோரும் சந்தித்திருப்போம், அவரேதான். 1829-இல் ஒரு காப்புரிமை, 1844-இல் இன்னொன்று. முழு அளவு ட்ரெபிள் (உச்சக் குரல்) கருவியில் பக்கத்துக்கு 24 என 48 பொத்தான்கள், மூன்றரை ஸ்தாயி. தள்ளினாலும் இழுத்தாலும் ஒரு பொத்தானுக்கு ஒரே சுரம். சுர வரிசை இரண்டு கைக்கும் மாறி மாறிப் போகும்: ச ஒரு கையில் என்றால் ரி மறு கையில், க மறுபடி முதல் கையில். ஏழு சுரம் ஒற்றைப்படை என்பதால் மேல் ச எதிர்க் கைக்குப் போய்விடும். விரலுக்கு இது பழகிவிட்டால் வேகத்துக்கு இதைப்போல் வசதியான அமைப்பு வேறு இல்லை.

விளம்பரத்தில் வெறும் கான்சர்ட்டினா என்று போட்டிருந்தால் படத்தைப் பாருங்கள். கட்டைவிரலுக்குத் தோல் வளையமும் சுண்டுவிரலுக்கு உலோகத் தாங்கியும் இருந்தால் இங்கிலீஷ். புறங்கையைச் சுற்றி அகலமான பட்டை இருந்தால் அது கான்சர்ட்டினாவின் வேறு வகைகளான ஆங்கிலோவோ டூயட்டோ, விரலமைப்பே வேறு.

ரீடுதான் விஷயம்

ஜாக்கியிலும் ஆல்பியனிலும் உள்ளே இருப்பவை அக்கார்டியன் ரீடுகள். பழைய லண்டன் கருவிகளில் அப்படி இல்லை. ஒவ்வொரு ரீடுக்கும் தனியாக ஒரு சிறு பித்தளைச் சட்டம். மரத்தட்டில் அதற்கென்று அளவாக வெட்டிய பள்ளத்தில் பசையோ மெழுகோ இல்லாமல் இறுக்கிச் செருகியிருப்பார்கள். 48 பொத்தான் என்றால் தள்ளுவதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று என்று 96 ரீடு. தெளிவு, கூர்மை, துருத்தியை லேசாக அழுத்தினால் கிசுகிசுத்து, ஓங்கி அழுத்தினால் அறையை நிறைக்கிற அந்த வீச்சு எல்லாம் இந்த அமைப்பிலிருந்து வருகிறது. அக்கார்டியன் ரீடின் ஒலி கொஞ்சம் உருண்டையானது, இதமானது. மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கான்சர்ட்டினா என்று காதுக்குப் பழகிய குரல் அது அல்ல.

அதே மரத்தட்டுதான் பழைய கருவியின் பலவீனமும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி காற்று வறண்டால் மரம் சுருங்கும், சட்டம் தளரும், சுரம் இரையும் அல்லது சோர்ந்து போகும். ஈரம் ஏறினால் மரம் உப்பிச் சட்டத்தை நெருக்கும், ரீடு இடிக்கும். எஃகு ரீடுக்குத் துரு வேறு கவலை. சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடற்காற்று ஊர்களில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

லாஷனல்

லூயி லாஷனல் சுவிட்சர்லாந்திலிருந்து லண்டன் வந்தவர். முதலில் வீட்ஸ்டனுக்கு வேலை செய்து, பிறகு தனியாகத் தொழில் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பின்னும் நிறுவனம் 1930-களின் தொடக்கம்வரை நடந்தது. எந்திரம் வைத்து ஏராளமாகச் செய்தார்கள். அதனால்தான் நூறு ஆண்டு தாண்டியும் சந்தையில் இவ்வளவு கிடைக்கின்றன, விலையும் கைக்கு அடங்குகிறது.

ஆனால் லாஷனல் என்பது ஒரே தரம் அல்ல. கீழ்ப்படியில் மஹாகனிப் பக்கங்களும் பித்தளை ரீடுகளும் கொண்டவை. பித்தளையின் ஒலி மென்மையானது, தனியாக உட்கார்ந்து பாட்டுக்கு வாசிக்க அழகாகவே இருக்கும். ஆனால் சத்தம் குறைவு, சுருதி சீக்கிரம் நழுவும், ஓங்கி வாசித்துப் பழகியவர் கையில் ரீடு முறியவும் முறியும். ஜாக்கியிலிருந்து முன்னேற நினைப்பவருக்கு இது ஏற்றமே இல்லை என்பேன். பெயர் பழையது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். அதற்கு மேல்படியில் ரோஸ்வுட் பக்கங்களும் எஃகு ரீடுகளும் உள்ளவை. நான் பரிந்துரைப்பது இந்தப் படியைத்தான். இன்னும் மேலே கருங்காலி, உலோகப் பக்கங்கள், உச்சியில் பன்னிரண்டு மூலை கொண்ட எடியோஃபோன். நல்ல எடியோஃபோன் கிடைத்தால் அது வீட்ஸ்டனின் உயர்ந்த கருவிகளோடு தோளோடு தோள் நிற்கும், விலையும் அங்கேயே நிற்கும்.

பழுது பார்த்து, சுருதி சேர்த்து, வாசிக்கத் தயாராக விற்கப்படுகிற ரோஸ்வுட் லாஷனல் பெரும்பாலும் ஆயிரம் பவுண்டை ஒட்டி இருக்கும். பரணிலிருந்து இறக்கி அப்படியே விற்கிறவர்கள் அதில் பாதிக்கும் குறைவாகக் கேட்பார்கள். அந்த விலையைப் பார்த்து மனம் துள்ளக் கூடாது. காற்றுத் துளையை மூடுகிற பேடுகள், வால்வுத் தோல்கள், ஸ்பிரிங்குகள் எல்லாம் மாற்ற வேண்டும். பழைய சுருதி இன்றைய சுருதி அல்ல. அக்காலக் கருவிகள் பல, மேற்கத்திய இசையின் ஏ சுரம் 452 ஹெர்ட்ஸை ஒட்டியிருந்த உயர் சுருதியில் இருக்கும். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க அதை 440-க்கு இறக்க வேண்டும் என்றால் 96 ரீடையும் ஒவ்வொன்றாகச் சுரண்டியாக வேண்டும். துருத்தி கிழிந்திருந்தால் அது மட்டும் சில நூறு பவுண்டு. கூட்டிப் பார்த்தால் தயார் நிலையில் விற்பதன் விலையைத் தொட்டுவிடும், சில சமயம் தாண்டிவிடும். நடுவில் பழுது பார்ப்பவரின் வரிசையில் பல மாதம் காத்திருப்பும் உண்டு.

வீட்ஸ்டன்

இங்கே ஒரு பெரிய வசதி: ஆண்டு தெரியும். வீட்ஸ்டன் நிறுவனத்தின் விற்பனை, தயாரிப்புப் பேரேடுகள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றின் படிகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கருவியின் வரிசை எண்ணைத் தேடினால் தேதியோடு கிடைத்துவிடும். விடுபட்ட காலங்கள் இருந்தாலும் லாஷனலுக்கு இந்த அளவுகூட இல்லை. எண்ணை வைத்துத் தோராயமாகத்தான் சொல்ல முடியும்.

ஆண்டு ஏன் முக்கியம்? ஒரே வீட்ஸ்டன் பெயரில் மூன்று விதமான கருவிகள் இருக்கின்றன. 1850-களை ஒட்டியவை நேர்த்தியானவை, ஆனால் பித்தளை ரீடு, மெல்லிய குரல், வீட்டு வரவேற்பறைக்கென்று செய்தவை. சிலவற்றின் சுருதியமைப்பே வேறு. இன்று ஒன்றாகவே ஒலிக்கிற ஜி ஷார்ப்புக்கும் ஏ ஃப்ளாட்டுக்கும் தனித்தனிப் பொத்தான் வைத்ததே அவை அன்று இரண்டு வேறு சுரங்களாக இருந்ததால்தான். அருங்காட்சியக மதிப்பு உண்டு, மாலையில் நண்பர்களோடு உட்கார்ந்து வாசிக்க உதவாது. இரண்டாவது, 20-ஆம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகள். எட்டு மூலை கொண்ட ஏயோலா உச்சத்தில் இருந்த காலம். பொத்தானுக்கு அடியில் ரிவெட் ஆணியால் பொருத்திய நெம்புகள் சத்தமில்லாமல் நகரும், விரல் தொட்டதும் ரீடு பேசும். இந்தக் கருவிக்காக இருக்கிற பணத்தையெல்லாம் கொடுப்பவர்களை எனக்குப் புரிகிறது. மூன்றாவது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியவை. நிறுவனம் கைமாறியது, தரம் இறங்கியது. பெயர் அதேதான், கருவி அது அல்ல. எண்ணைப் பேரேட்டில் தேடாமல் வீட்ஸ்டன் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவது.

நல்ல ஏயோலாவின் விலை இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் எங்கேயோ தொடங்கும். ஜாக்கியிலிருந்து நேராக அங்கே தாவ வேண்டுமா? கை நிதானமாக வந்துவிட்டது, இதைத்தான் வாழ்நாள் முழுக்க வாசிக்கப் போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தவருக்குச் சரி. மற்றவர்கள் முதலில் நல்ல லாஷனலில் சில ஆண்டு கழிக்கலாம். எந்த மாதிரிக் குரல் தனக்குப் பிடிக்கிறது, உலோகப் பக்கத்தின் கணீரென்ற ஒலியா மரப்பக்கத்தின் தணிந்த ஒலியா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும். நல்ல நிலையில் இருக்கிற லாஷனல் விலை இறங்காமல் கைமாறும் என்பதால் அந்த ஆண்டுகளுக்கு வாடகை கொடுத்ததாகக்கூட ஆகாது.

ஆல்பியன்

மாசசூசெட்ஸில் பட்டன் பாக்ஸ் கடையோடு சேர்ந்த பட்டறையில் உருவானது. 37 பொத்தான், அக்கார்டியன் ரீடு, கையில் எடுத்தால் வியக்க வைக்கிற அளவு லேசு. புதிதாகச் செய்த கருவி என்பதால் சுருதி 440-இல் நிற்கும், பூச்சி அரித்த மரம் இருக்காது, பருவம் மாறினால் முகம் சுளிக்காது. பொத்தான் குறைவு என்று தயங்க வேண்டாம். விடுபட்டவை உச்ச ஸ்தாயிச் சுரங்கள், நாட்டுப்புற மெட்டுகளில் விரல் அங்கே போவதே அபூர்வம். 19-ஆம் நூற்றாண்டில் ஜூலியோ ரெகொண்டி போன்ற மேதைகள் மேடையேற்றிய கச்சேரி இசையை வாசிக்க ஆசை இருந்தால் மட்டும் 48 தேவை.

பயன்படுத்திய ஆல்பியன் கிடைத்தால் அது நல்ல ரோஸ்வுட் லாஷனலின் விலைக்குப் பக்கத்திலோ கொஞ்சம் மேலோ இருக்கும். ஒலியில் லாஷனல் எனக்கு முன்னால் நிற்கிறது. நம்பகத்தில் ஆல்பியன். பழுது பார்ப்பவர் அருகில் இல்லாதவர், அடிக்கடி விமானம் ஏறுகிறவர், கருவியைத் திறந்து பார்க்கவே கை நடுங்குகிறவர், இவர்களெல்லாம் ஒலியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆல்பியனையே எடுக்கலாம். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு வாங்க நினைப்பவருக்கும் என் பதில் இதுதான். ஒரு ரீடு ஊமையானதற்காகக் கருவியை இங்கிலாந்துக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை.

பாட்டுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கிறவர்கள் இந்த மூன்றையும் தாண்டி இன்னொன்றையும் யோசிக்கலாம். 56 பொத்தான் டெனர்-ட்ரெபிள், ட்ரெபிளைவிடக் கீழே ஒரு பஞ்சம இடைவெளி (ப-விலிருந்து ச வரை) கூடுதலாக இறங்கும். ஆண் குரலோடு சேர்ந்து வாசிக்க அந்தக் கீழ்ச் சுரங்கள் பெரிய உதவி. கனமும் விலையும் கூடும், சந்தையில் அரிதாகவே வரும்.

கையில் எடுத்ததும்

நேரில் பார்க்க முடிந்தால் முதலில் துருத்தி. ஒரு பக்கத்தைப் பிடித்து, பொத்தான் எதையும் தொடாமல், மறுபக்கத்தைத் தொங்கவிடுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் காற்று கசியவில்லை. பொத்தென்று விழுந்தால் ஓட்டையோ, மூடாத பேடோ, விரிசல் விட்ட மரத்தட்டோ இருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு பொத்தானையும் தள்ளியும் இழுத்தும், முடிந்தவரை மெதுவாக ஆரம்பித்து வாசியுங்கள். ஓங்கி வாசித்தால் எல்லா ரீடும் பேசிவிடும், மெதுவாக வாசிக்கும்போதுதான் சோம்பேறி ரீடு பிடிபடும். அடுத்து ஒவ்வொரு சுரத்தையும் அதன் மேல் ஸ்தாயியோடு சேர்த்து அழுத்துங்கள், அலையடித்தால் சுருதி வேலை பாக்கி இருக்கிறது.

தூரத்திலிருந்து வாங்கினால் வரிசை எண், பக்கங்களைக் கழற்றி எடுத்த உட்புறப் படங்கள், எல்லாப் பொத்தானையும் இரு திசையிலும் வாசித்த ஒலிப்பதிவு, இந்த மூன்றையும் கேளுங்கள். படத்தில் ரீடுகளின் நிறத்தைப் பார்த்தாலே பித்தளையா எஃகா என்பது தெரியும், துருவும் தெரியும். சில திருகாணி கழற்றிப் படம் எடுத்து அனுப்ப மறுக்கிறவரிடம் ஆயிரம் பவுண்டுக் கருவியை நான் வாங்க மாட்டேன். பழைய கருவிகளைப் பழுது பார்த்து விற்பவர்களிடம் வாங்கினால் சில நூறு கூடும்தான். ஆனால் பிடிக்காவிட்டால் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாமா, முதல் ஆண்டில் ரீடு தொந்தரவு செய்தால் பார்த்துத் தருவீர்களா என்று அவர்களிடம் கேட்க முடியும், எழுதியும் வாங்க முடியும். ஏலத்தில் அது நடக்காது.

ஜாக்கியை உடனே விற்றுவிட வேண்டாம். பழைய கருவி புது வீட்டில் ஒரு கோடையையும் ஹீட்டர் ஓடுகிற ஒரு குளிர்காலத்தையும் பார்க்கட்டும். தளர்கிற சட்டம், இரைகிற சுரம் எல்லாம் அதற்குள் வெளியே வந்துவிடும். கருவி பட்டறைக்குப் போகிற வாரங்களில் வாசிக்க ஒன்று வீட்டில் இருக்கும்.