எம்எஸ்எம்இ லீன் திட்டம்: அம்பத்தூர் பட்டறைகளுக்கு எவ்வளவு பயன்?

ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) அமைச்சகம் 2023 மார்ச்சில் லீன் போட்டித்திறன் திட்டத்தைத் தொடங்கியது. லீன் என்பது உற்பத்தியில் வீணாகும் நேரத்தையும் பொருளையும் குறைக்கும் முறை. அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பக்கம் பிரஸ் ஷாப் (உலோகத் தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் பட்டறை), மெஷின் ஷாப் நடத்துபவர்கள் இதை ஒரு சேவையாக எடைபோட்டால் என்ன தேறும் என்பதே இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சேரலாம். ஆனால் சேருவதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதிலைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் ஒரு ஷிப்டுக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சமானால் அந்த நேரத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்? நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று இந்தத் திட்டம் நன்றாகவே கற்றுத்தரும். மிச்சமானதை எங்கே போடுவது என்பதை முதலாளிதான் தீர்மானிக்க வேண்டும்.

என்ன கிடைக்கிறது

சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு கட்டாயம். அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று மூன்று படிகள். அடிப்படைப் படிக்குக் கட்டணம் இல்லை. அடுத்த இரண்டு படிகளில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பட்டறைக்கே வந்து கூட இருந்து செய்துகாட்டுவார். அவருடைய கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு இன்னும் 5 சதவீதம் உண்டு. தொழிற்பேட்டைச் சங்கம் வழியாகவோ, நீங்கள் சப்ளை செய்யும் பெரிய கம்பெனி வழியாகவோ பதிவு செய்து எல்லாப் படிகளையும் முடித்தால் மேலும் 5 சதவீதம். அதனால் நேராகப் போய்ப் பதிவு செய்வதற்கு முன் சங்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. 90 சதவீதம் என்பது ஆலோசனைக் கட்டணத்துக்கு மட்டும். டையை (தகட்டை வெட்டி வடிவம் தரும் அச்சு) நகர்த்தும் டிராலி, சென்சார், ரேக், தரையில் ஒட்டும் மஞ்சள் டேப் எல்லாம் உங்கள் செலவு. அந்தப் பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்காமல் சேர்ந்தால் ஆலோசகர் சொன்னதெல்லாம் நோட்டுப் புத்தகத்திலேயே நின்றுவிடும்.

செட்டிங் நேரம்: இந்தத் திட்டத்தின் உயிர்நாடி

ஃபைவ் எஸ் (பட்டறையை ஒழுங்காக வைப்பது), கான்பன் (கார்டு வைத்து இருப்பைக் கட்டுப்படுத்துவது), போகா யோகே (தவறு நடக்காதபடி தடுப்பது), கைசன் (தொடர்ந்து செய்யும் சிறு மேம்பாடு) என்று கற்றுத்தரும் கருவிகள் பல. பிரஸ் ஷாப்புக்கு அதிகப் பலன் தருவது டை மாற்றும் நேரத்தை, அதாவது செட்டிங் நேரத்தை, குறைப்பதுதான். ஷிகியோ ஷிங்கோ உருவாக்கிய முறை அது. டை மாற்றத்தை 10 நிமிடத்துக்குள், அதாவது ஒற்றை இலக்க நிமிடத்துக்குள் கொண்டுவருவது அதன் இலக்கு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 8 மணி நேர ஷிப்டில் சாப்பாட்டுக்கு 30 நிமிடம், இரண்டு டீக்கு 20 நிமிடம் போக மீதி 430 நிமிடம். ஒரு டை மாற்ற 75 நிமிடம், ஷிப்டுக்கு இரண்டு மாற்றம் என்றால் 150 நிமிடம் போய்விடும். ஓடுவது 280 நிமிடம். மாற்றும் நேரம் 25 நிமிடமாகக் குறைந்தால் 100 நிமிடம் கையில் நிற்கும். நிமிடத்துக்கு 12 ஸ்ட்ரோக் அடிக்கும் மெஷினில் அது 1,200 பீஸ்.

முதல் வேலை வீடியோ. செல்போனை ஸ்டாண்டில் வைத்து, பழைய டையின் கடைசி நல்ல பீஸிலிருந்து புதிய டையின் முதல் நல்ல பீஸ் வரை முழுதாக எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன், இது யாரையும் திட்டுவதற்காக இல்லை என்று டை மாற்றும் செட்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு மட்டும் எல்லாமே வேகமாக நடக்கும், அளவு பொய்யாகிவிடும். பிறகு செட்டரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்து, ஒவ்வொரு செயலையும் மெஷின் நின்றால்தான் செய்ய முடியும், மெஷின் ஓடும்போதே செய்துவிடலாம் என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். டையை ரேக்கிலிருந்து எடுத்துவருவது, ஸ்பேனர் தேடுவது, காயிலை (தகட்டுச் சுருள்) மாற்றத் தயாராக வைப்பது, டை முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இரண்டாவது வகை. இதற்குக் காசே செலவில்லை. நேரத்தின் பெரும்பகுதி குறைவதும் இங்கேதான்.

அடுத்தது ஷட் ஹைட், அதாவது மூடிய நிலையில் டையின் உயரம். ஒவ்வொரு டைக்கும் உயரம் வேறு வேறாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பிரஸ்ஸில் மேலும் கீழும் போகும் ராம் என்ற பாகத்தை ஏற்றி இறக்கி அட்ஜஸ்ட் செய்ய வேண்டிவரும். ஒரு மெஷினில் ஓடும் டைகளுக்கெல்லாம் அடியில் பேரலல் பிளாக் போட்டு உயரத்தைச் சமமாக்கினால் அந்த அட்ஜஸ்ட்மென்ட் வேலையே இல்லாமல் போகும். கிளாம்ப் பிடிக்கும் இடத்தின் தடிமனையும் ஒன்றாக்கினால் ஒரே நீளத்து டி-போல்ட், ஒரே அளவு ஸ்பேனர் போதும். டை டிராலியின் மேல்மட்டம் பிரஸ் பெட் உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். தூக்காமல் தள்ளினால் போதும். பெட்டில் இரண்டு லொக்கேட்டிங் பின் வைத்தால் சுத்தியலால் தட்டித் தட்டி நேர்ப்படுத்தும் வேலை நிற்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் 20 நிமிடம் எங்கே போகிறது என்று தெரியாமல் தவிக்கும் பட்டறைகள் உண்டு. பெரும்பாலும் அது முதல் பீஸ் அப்ரூவலுக்காகக் காத்திருக்கும் நேரம். இன்ஸ்பெக்டர் ஒருவர், மெஷின் ஆறு. இரண்டு மெஷினில் ஒரே சமயத்தில் செட்டிங் முடிந்தால் ஒன்று சும்மா நிற்கும். செட்டரே கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) வைத்துப் பார்த்து ஓட்டத் தொடங்கலாம், சில நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் உறுதி செய்ய வேண்டும், அதுவரை வந்த பீஸ்கள் தனி ட்ரேயில் இருக்கட்டும் என்று விதி வைத்தால் சிக்கல் தீரும். கஸ்டமர் ஏற்ற தரக் கட்டுப்பாட்டு விதிமுறை (கன்ட்ரோல் பிளான்) இதை அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மிகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வேகத்துக்காக இரு கை பட்டனைக் கழற்றுவது, மெஷினின் பாதுகாப்பு மறைப்பைத் திறந்து வைப்பது எதையும் கைசன் என்று ஏற்கக்கூடாது. பிரஸ் ஷாப்பில் போன விரல் திரும்பி வராது. அப்படி ஒரு யோசனையை ஆலோசகரே சொன்னாலும் அந்த இடத்திலேயே மறுத்துவிட வேண்டும்.

மிச்சமான 100 நிமிடம்

இதை எப்படிச் செலவழிப்பது என்பதில்தான் உத்தி இருக்கிறது. அதே பீஸை 1,200 கூடுதலாக அடிப்பது ஒரு வழி. வாங்குபவர் கூடுதலாகக் கேட்காத வரை அது கிடங்கில் தூங்கும். வருடாந்திர விலைக் குறைப்புப் பேச்சில் உங்கள் லாபத்தையும் கேட்பார்கள். இன்னொரு வழி, பழையபடி 150 நிமிடத்தைச் செட்டிங்குக்கே கொடுப்பது. 25 நிமிடம் வீதம் அதில் ஆறு மாற்றம் செய்யலாம். இரண்டு ரகம் ஓடிய ஷிப்டில் ஆறு ரகம் ஓடும். 300 பீஸ், 500 பீஸ் ஆர்டரைத் திருப்பி அனுப்பிய பட்டறை, அதை மூன்று நாளில் கொடுக்கும் பட்டறையாக மாறும். மாதிரிப் பீஸ், சிறு ஆர்டர் வேலைகளில் விலை பேச இடம் இருக்கும்.

மின்வாகனம் பரவும்போது இந்த இரண்டாவது வழிக்கு மதிப்பு கூடும். பேட்டரி வண்டியில் எஞ்சின் வால்வு இல்லை, பிஸ்டன் ரிங் இல்லை, சைலன்சர் இல்லை. அந்தப் பாகங்களை மட்டும் நம்பியிருப்பவர்கள் இப்போதே ஒரு மெஷினையாவது வேறு வேலைக்குப் பழக்க வேண்டும். மின்சாரம் கடத்தும் செம்புப் பட்டையான பஸ் பார், பேட்டரிப் பெட்டியின் பிராக்கெட் போன்றவை சாதாரணப் பிரஸ்ஸில் எட்டக்கூடியவை. பஸ் பாரில் பர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு) அளவு கடுமையாகக் கேட்பார்கள், டையின் மேல், கீழ் பாகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை (கிளியரன்ஸ்) அதற்கேற்ப வைக்க வேண்டும். மோட்டாருக்குள் அடுக்கும் மெல்லிய தகடுகளான லேமினேஷன் பக்கம் ஆசைப்பட வேண்டாம். அதற்கு ஹை ஸ்பீட் பிரஸ்ஸும் கார்பைடு டையும் வேண்டும், முதலீடே வேறு.

இந்த முடிவை எடுத்த பிறகு அது ஒரே தாளில் வர வேண்டும். மேலே ஒரு இலக்கு, ஒரு எண், ஒரு தேதி: "மார்ச் 31க்குள் 500 பீஸுக்குக் கீழ் உள்ள ஆர்டர்களை மூன்று நாளில் அனுப்புவது." அதன் கீழே பிரஸ் ஷாப்புக்கு 25 நிமிடச் செட்டிங், டூல் ரூமுக்கு முந்தின நாளே தயாரான டை, பர்ச்சேஸுக்கு மூன்று தடிமனில் எப்போதும் காயில் இருப்பு, தரப் பிரிவுக்கு முதல் பீஸ் 5 நிமிடத்தில். இதை மேலிருந்து கீழே ஆணையாகத் தள்ளினால் நடக்காது. "25 நிமிடம் வேண்டுமென்றால் எனக்கு இரண்டு டிராலி வேண்டும்" என்று செட்டர் சொல்ல வேண்டும், அதற்கு முதலாளி பதில் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஹோஷின் கன்ரி என்று சொல்லும் முறையின் சாரம் இந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசு பெற்றது; இந்தியாவில் அதுவே முதல் முறை. டிவிஎஸ் மோட்டார் 2002இலும் ரானே பிரேக் லைனிங் 2003இலும் பெற்றன. அந்தப் பரிசுக்கான தேர்வில் தொழில் இலக்கும் உத்தியும் தலைமையின் பங்கும் கேட்கப்படும். தரை பளபளப்பாக இருந்தால் மட்டும் போதாது.

மற்ற கருவிகள்

கான்பனுக்கு எளிய சூத்திரம் உண்டு. தினத் தேவையை, திரும்பி வர ஆகும் நாளால் பெருக்கி, பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்து, ஒரு பெட்டியில் உள்ள எண்ணிக்கையால் வகுத்தால் கார்டு எண்ணிக்கை வரும். ஒரு நாளைக்கு 1,200 பீஸ், வெளியே பிளேட்டிங் (முலாம் பூசுதல்) ஜாப் ஒர்க்குக்குப் போய்வர 2 நாள், 20 சதவீதம் பாதுகாப்பு, பெட்டிக்கு 240 என்றால் 12 கார்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த 2 நாள் 3 நாளாகும்; அப்போது 18 கார்டு வேண்டும். வருடம் முழுக்க 12 கார்டே வைத்திருந்துவிட்டு நவம்பரில் லைன் நின்றதும் கான்பன் நமக்கு ஒத்துவராது என்று கைவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. மழைக்காலத்தில் பிளேட்டிங்குக்குக் காத்திருக்கும் பீஸ்களுக்குத் துரு தடுப்பு எண்ணெயும் மறக்கக்கூடாது.

போகா யோகேயில் எளியதே நிலைக்கும். இடது, வலது பிராக்கெட் மாறாமல் இருக்க ஃபிக்ஸ்சரில் ஒரு பின் போதும். சென்சார் வைத்தால் கூலண்டும் உலோகச் சீவலும் ஒட்டிப் பொய்யாக நிறுத்தும். இரண்டு நாளில் ஆப்பரேட்டர் வயரைப் பிடுங்கிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, சென்சார் இருக்கும் இடம் தவறு.

ஓஇஇ (மெஷினின் மொத்தச் செயல்திறன்) கணக்கில், வேகத்தைக் காட்டும் பெர்ஃபார்மன்ஸ் 100 சதவீதத்தைத் தாண்டினால் சந்தோஷப்பட வேண்டாம். ஒரு பீஸுக்கு ஆகும் நேரம் (சைக்கிள் டைம்) என்று எழுதி வைத்திருப்பது தளர்வானது என்றே பொருள்.

ஃபைவ் எஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பட்டறை எப்படி இருக்கிறதோ அதைத் தினமும் 10 நிமிடத்தில் காப்பதுதான் அது. தேவையில்லை என்று சிவப்பு அட்டை கட்டிய பொருளுக்குத் தேதி போட்டு, 30 நாளில் யாரும் கேட்காவிட்டால் காயலான் கடைக்கு அனுப்பும் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். "எப்போதாவது உதவும்" என்று முதலாளியே தடுத்தால் மொத்த முயற்சியும் அங்கேயே படுத்துவிடும்.

போர்டுகளின் மொழியையும் கவனியுங்கள். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் வேலை செய்யும் ஷெட்டில் ஆங்கிலப் போர்டு அழகுக்குத்தான். நல்ல பீஸ், கெட்ட பீஸ் இரண்டையும் உண்மையாகவே போர்டில் மாட்டி, பச்சையும் சிவப்பும் அடித்துவிட்டால் எல்லோருக்கும் புரியும். தொழிலாளர் சொல்லும் யோசனைக்கு மூன்று நாளில் பதில் போக வேண்டும். முடியாது என்பதும் பதில்தான், காரணத்தோடு சொன்னால். பதிலே வராத பெட்டியில் இரண்டாவது சீட்டு விழாது.

யார் சேர வேண்டாம்

கஸ்டமர் ஆடிட்டுக்குச் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் வேண்டும் என்பதற்காக மட்டும் சேருபவர்கள் ஆலோசகரின் நேரத்தையும் தங்கள் ஆட்களின் நம்பிக்கையையும் வீணாக்குவார்கள். ஆர்டரே இல்லாமல் பாதி மெஷின் நிற்கும் பட்டறைக்கும் இப்போது இது மருந்தல்ல. நேரம் ஏற்கெனவே மிச்சமாகத்தான் இருக்கிறது, வேண்டியது விற்பனை. ஆட்களைக் குறைக்கும் எண்ணத்தோடு தொடங்குவதும் தவறு. முதல் கைசனால் ஒருவருக்கு வேலை போனால் இரண்டாவது கைசனை யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆலோசகரை முதல் நாள் சந்திக்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். இதே அளவுப் பிரஸ்ஸில் டை மாற்றம் செய்திருக்கிறாரா? ஒவ்வொரு முறை வரும்போதும் எத்தனை மணி நேரம் மெஷின் பக்கத்தில் நிற்பார், எத்தனை மணி நேரம் ஆபீஸ் அறையில் இருப்பார்? அவர் போன பிறகு அளவுகளைத் தொடர்ந்து எழுதப்போகும் உங்கள் ஆளுக்கு என்ன பயிற்சி தருவார்? பதில்கள் திருப்தியாக இருந்தால் ஒரு மெஷின், ஒரு பாகம், நான்கு வாரம் என்று தொடங்குங்கள். அந்த மெஷினின் இன்றைய செட்டிங் நேரத்தை அவர் வருவதற்கு முன்பே ஐந்து முறை அளந்து எழுதி வையுங்கள். பழைய அளவு கையில் இல்லாவிட்டால் நான்கு வாரம் கழித்து எதோடும் ஒப்பிட முடியாது.